இரண்டாவது சங்கு ஊதும் முன்

அந்தப் புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்க்கும் நாளில் கொழுந்தனும் அங்கே வரப்போகிறான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலையையே ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். மூடிக் கிடந்த அனல் மின்நிலையத்தின் வாசலில் வேனை நிறுத்திவிட்டு இறங்கியவள், நாலு வண்டி தள்ளி நின்ற வெள்ளை வேனின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த போன் நம்பரைப் பார்த்ததும் கதவைச் சாத்த மறந்து நின்றாள். அது அவர்களுடைய பழைய கடையின் நம்பர்.

சண்டையே அந்த நம்பரால் வந்ததுதான். அவளும் அவள் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த, ட்ரோனில் படம் எடுத்துக் கொடுக்கும் கடை அது. ட்ரோனைப் பறக்கவிடுவது அவள் வேலை. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கம்பி வருகிறது, மரம் வருகிறது, பறவை வருகிறது என்று குரல் கொடுப்பது கணவர் வேலை. ஆளைப் பிடித்து வேலை கொண்டுவருவது கொழுந்தன் வேலை. முதல் நாள் போன் கனெக்‌ஷன் வாங்கப் போனவன் அவன் என்பதால் அது அவன் பேரில் இருந்தது. மூன்று பேரில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு ஒருநாள், தனியாகத் தொழில் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவன் அந்த நம்பரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவள் எடுத்த படங்களைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களிடம், "ஆமா, நாங்கதான்" என்று சொல்லி வேலையை வாங்கிக்கொள்வான். பொய்யென்றும் சொல்ல முடியாது.

அன்றோடு பேச்சு நின்றது. "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவனை "உங்க தம்பி" என்று கணவரிடம் சுட்டுவதோடு சரி. கணவரோ யார் பக்கமும் சாயாமல் நிற்பதை ஒரு சாமர்த்தியமாகவே வளர்த்து வைத்திருந்தார். வீட்டில் அவள் பொரிந்து தள்ளினால் தலையை ஆட்டுவார். தம்பி போன் செய்தால் மாடிக்குப் போய்ப் பேசுவார்.

இப்போதும் அவர் வெள்ளை வேனைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போல, பேட்டரிப் பெட்டியை இறக்குவதில் மும்முரமானார்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றாள்.

நேற்றுதான் தெரியும் என்றும், சொன்னால் அவள் வரமாட்டாள் என்பதால் சொல்லவில்லை என்றும் அவர் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். அவளைக் கூப்பிட்டது இடிப்பு வேலையை எடுத்த கம்பெனி. கொழுந்தனைக் கூப்பிட்டது ஒரு செய்திச் சானல். அவன் நேரலையாகக் காட்டப்போகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தகரக் கன்டெய்னர் ஒன்றை அலுவலகமாக மாற்றி வைத்திருந்தார்கள். அதற்குள் எல்லோரையும் நிற்க வைத்து வெடிக்காரர் பேசினார். ஒல்லியான மனிதர். புகைபோக்கிகளையும் பாலங்களையும் சாய்த்தே தலை நரைத்தவர். ட்ரோன்காரர்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை. தன் விருப்பமாக இருந்தால் இரண்டு பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன் என்றுதான் ஆரம்பித்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். புகைபோக்கியின் அடியில் துளை போட்டு மருந்து வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு துளையிலும் மின்சாரத்தால் வெடிக்கிற டெட்டனேட்டர் இருக்கிறது. அவற்றை இணைக்கிற ஒயர் தரையில் நீளமாகக் கிடக்கிறது. அந்த ஒயர் ஆன்டெனாவைப் போல. பக்கத்தில் பலமான ரேடியோ அலை வந்தால் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கத் தனக்கு ஆசையில்லை. அதனால் அடியைச் சுற்றிக் கட்டியிருக்கிற சிவப்பு நாடாவுக்குள் போன், வாக்கிடாக்கி, ரிமோட் எதுவும் கூடாது. ட்ரோன்கள் அதற்கும் தள்ளி நட்டிருக்கிற மஞ்சள் கொடிகளுக்கு வெளியேதான் பறக்க வேண்டும். முதல் சங்கு ஊதினால் வேடிக்கை பார்க்கிறவர்கள் தடுப்புக்குப் பின்னால் போக வேண்டும். அப்போதும் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் அடியில் ஒயரைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வெளியே வந்த பிறகு இரண்டாவது சங்கு. அதற்குப் பிறகுதான் ட்ரோன் ஏறலாம். மூன்றாவது சங்குக்கு வெடி.

"ரெண்டாவது சங்குக்கு முன்னாடி எவனாவது மிஷினை ஏத்தினா, அது எங்க ஆளுங்க தலைமேல பறக்குதுன்னு அர்த்தம்" என்றார். "புரிஞ்சவங்க தலையை ஆட்டுங்க."

எல்லோரும் ஆட்டினார்கள். கொழுந்தனும் ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

வெளியே வந்ததும் அவள் திரையில் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். கூட்டம் இன்னும் வரவில்லை. அலைவரிசை முழுக்கத் துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. ஆனால் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வரும், ஆளுக்கொரு போன் இருக்கும், சானல்காரனின் நேரலைக் கருவி வேறு இருக்கும், இதே இடம் சந்தைக்கடையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு ட்ரோனும் ஒரே ரேடியோ சேனலில் முட்டிக்கொண்டால் இரண்டுமே குருடாகிவிடும். கீழ்ப் பாதிச் சேனல்களைத் தான் எடுத்துக்கொள்கிறேன், மேல் பாதியை அவனை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கணவரைத் தூதனுப்பினாள்.

அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"என்ன சொன்னான்?"

"காத்தை யாரும் பத்திரம் பண்ணி வாங்கலைன்னு அண்ணிகிட்ட சொல்லுன்னான்."

வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். வேன் கூரையில் புதிதாக ஒரு ஆன்டெனா நிற்கிறது என்றும், அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது என்றும் சொன்னார். அவளுக்கு உடனே விளங்கியது. ரிமோட்டின் சிக்னலைப் பல மடங்கு பெருக்கித் தள்ளுகிற பெட்டி. அனுமதியில்லாத சாமான். அதை வைத்திருக்கிறவனுக்குத் தன் ட்ரோன் எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை. பக்கத்தில் பறக்கிறவனுக்குத்தான் சனி. கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தன் மட்டும் ஒலிபெருக்கியில் கத்தினால் மற்றவர்கள் பேசுவது எப்படிக் கேட்கும்? வெடிக்காரரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். கொழுந்தன்மேல் இருக்கிற காய்ச்சலில் கோள் சொல்கிறாள் என்று நினைப்பாரே என்று தோன்றியது. கணவரும், "விடு, கடைசி நேரத்துல அதைப் போட மாட்டான்" என்றார். விட்டுவிட்டாள்.

வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. தடுப்புக்குப் பின்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். தூக்கிப் பிடித்த கைகளில் எல்லாம் போன். முன்வரிசையில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இதே மின்நிலையத்தில் பாய்லர் பார்த்தவராம். அது சாய்வதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் சிக்னலைப் பார்த்தாள். காலையில் காலியாக இருந்த திரையில் இப்போது முள்வேலி போட்டது போலக் கோடுகள் மண்டிக் கிடந்தன.

முதல் சங்கு ஊதியது.

ஊதி முடிப்பதற்குள் வெள்ளை வேனின் பக்கத்திலிருந்து கொழுந்தனின் ட்ரோன் கிளம்பியது. யாரைக் கேட்டுக் கிளம்பினான் என்று அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கம்பெனி மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவன் ட்ரோன் ஏறிவிட்டது, நீங்கள் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றார். இரண்டாவது சங்கு ஊதட்டும் என்றாள். சானலில் வருகிற படம் நன்றாக இருந்து, தாங்கள் ஏற்பாடு செய்த படம் மட்டும் மோசமாக இருந்தால் மேலிடத்தில் தன் தலை உருளும் என்று அவர் புலம்பினார்.

அவள் ஏற்றினாள்.

மேனேஜர் சொன்னதற்காக ஏற்றவில்லை. கொழுந்தனின் ட்ரோன் மஞ்சள் கொடிகளுக்கு மேலே ஒய்யாரமாக நின்று படம் எடுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. மஞ்சள் கொடி வரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொடி வந்தது. அவனுடைய ட்ரோன் தாழ இறங்கிக் கொடியைத் தாண்டிப் பக்கவாட்டில் நழுவியது. அவளும் தாண்டினாள். அவன் அடித்தளத்தைக் காட்டினால் தான் உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும் என்று புகைபோக்கியை நெருங்கினாள். திரையில் அடியில் குனிந்திருந்த இரண்டு பேரின் தலைக்கவசங்கள் மஞ்சள் பொட்டுகளாகத் தெரிந்தன. அவற்றைப் பார்த்தாள். பார்த்தும் பின்வாங்கவில்லை.

அப்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கணம் உறைந்தது. பிறகு திரை சாம்பல் நிறமாகி, சிக்னல் இல்லை என்று சிவப்பு எழுத்து வந்தது.

ரிமோட்டின் குச்சிகளை இழுத்துப் பார்த்தாள். சேனலை மாற்றினாள். மாற்றிய சேனலிலும் அதே இரைச்சல். வெள்ளை வேனின் கூரையில் கறுப்புப் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்க இருக்கு? சொல்லுங்க" என்றாள் கணவரிடம்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "சிம்னிக்கு நேர் பக்கத்துல நிக்குது. நிக்கல, ஆடுது."

சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பு என்று அவள் தன் ட்ரோனில் வைக்கவில்லை. திரும்புகிற வழியில் கிரேன் இருந்ததால், நின்ற இடத்திலேயே நில் என்றுதான் வைத்திருந்தாள். மஞ்சள் கொடிக்கு வெளியே நின்றிருந்தால் அது சரியான புத்திதான். இப்போது அது மருந்து வைத்த இடத்துக்கு மேலே நின்றது. புகைபோக்கியைச் சுற்றியிருந்த இரும்பு வளையங்கள் பக்கத்தில் வந்ததும் அதன் திசைகாட்டியும் குழம்பி, குடித்தவனைப் போல வட்டமடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அதன் வயிற்றிலிருக்கிற ரேடியோ பேசிக்கொண்டேதான் இருந்தது. அதற்குக் கீழே ஒயர். ஒயரின் பக்கத்தில் இரண்டு ஆட்கள்.

வெடிக்காரரின் விசில் நீளமாகக் கேட்டது. அடியில் இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து மேலே பார்த்துவிட்டு, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்கள். ஒருவன் தடுக்கி விழுந்து எழுந்து மறுபடியும் ஓடினான். கூட்டம் அதையும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

அவள் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே வெள்ளை வேனுக்கு ஓடினாள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தம்பி, அந்தப் பெட்டியை அணை."

கொழுந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் பெட்டி, அண்ணி?"

"கூரைமேல இருக்கே, அது. என் மிஷின் சிம்னிகிட்ட மாட்டிக்கிச்சு. கீழ ஆளுங்க இருக்காங்க."

"உங்க மிஷின் அங்க என்ன பண்ணுது? கொடிக்கு வெளியதான பறக்கணும்?"

"நீ தாண்டின."

"நான் எங்க தாண்டினாலும் என் கையில இருக்கு. உங்களுது உங்க கையில இல்லாததுக்கு நான் பொறுப்பில்லை." பிறகு, பக்கத்தில் நின்ற சானல்காரருக்குக் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தி, அப்படி எந்தப் பெட்டியும் தன்னிடம் இல்லை, தொழில் தெரியாதவர்கள் சொல்கிற சாக்கு இது என்றான்.

அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கையில் ரிமோட் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவளை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். கணவர்தான். வேனின் பின் ஏணியில் காலை வைத்து ஏறினார். "அண்ணா, இறங்கு. அண்ணா, அதுல கை வைக்காத" என்று தம்பி கத்தியது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பெட்டிக்குப் போன ஒயரைக் கையில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தார்.

அவள் கையிலிருந்த திரை உயிர்பெற்றது. புகைபோக்கியின் செங்கல் சுவர், மிக அருகில், பக்கவாட்டாகத் தெரிந்தது. அவள் மேலே இழுத்தாள். இடிக்காமல் மேலேறியது. அதைக் கொடிக்கு வெளியே கொண்டுவந்து, இறக்கி, பேட்டரியைப் பிடுங்கி எறிந்தாள்.

ஆனால் பெட்டியை நம்பிப் பறந்துகொண்டிருந்த கொழுந்தனின் ட்ரோன், பெட்டி செத்ததும் கூட்டத்தின் போன்கள் கிளப்பிய அலை இரைச்சலில் தன் ரிமோட்டின் மெல்லிய குரலைக் கேட்க முடியாமல் போனது. அது, சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பு என்று வைத்திருந்த ட்ரோன். திரும்புகிற உயரத்தை அவன் கூட்டி வைக்கவில்லை. தாழப் பறந்தபடியே வேனை நோக்கி நேர்கோட்டில் வந்தது. நடுவில் கூட்டத்துக்காக நட்டிருந்த விளக்குக் கம்பம் நின்றது.

மோதிய சத்தம் பெரிதாக இல்லை. தட்டு உடைந்தது போலத்தான் கேட்டது. அது சுழன்றுகொண்டே தடுப்பைத் தாண்டி முன்வரிசையில் விழுந்தது. முகத்தில் விழாமல் தடுக்கக் கையைத் தூக்கிய அந்த பாய்லர் பெரியவரின் மணிக்கட்டில் இறக்கைகள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன.

வெடிக்காரர் யாரையும் கேட்கவில்லை. தன் ஆட்களை அனுப்பி ஒயரை மறுபடி சரிபார்த்தார். இனி எவன் ரிமோட்டைத் தொட்டாலும் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு இரண்டாவது சங்கையும் மூன்றாவது சங்கையும் ஊதினார். புகைபோக்கி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, யோசித்து, மொத்தமாகப் படுத்தது. வானத்திலிருந்து அதை யாரும் படம் எடுக்கவில்லை. அந்தப் பெரியவரும் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் அப்போது வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இருவரும் திரும்பினார்கள். பாதி வழியில் கணவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"கொடியை ஏன் தாண்டின?"

"அவன் தாண்டினான்."

"அவனைக் கேக்கலை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் எடுக்கிற படம் தன்னுடையதைவிட நன்றாக வந்துவிடுமோ என்ற பொறாமையில்தான் என்று கடைசியில் சொன்னாள். அவர் தலையை ஆட்டவில்லை. வழக்கமாக ஆட்டுவார்.

விசாரணையில் கொழுந்தன் தெளிவாகப் பேசினான். தன் ட்ரோன் தன் கட்டுப்பாட்டில்தான் இருந்தது, அண்ணன் ஏறி ஒயரைப் பிடுங்கியதால்தான் விழுந்தது, அது என்ன ஒயர் என்று கேட்டால் வேனின் விளக்குக்குப் போகிற ஒயர் என்றான். விளக்கு ஒயரைப் பிடுங்கினால் ட்ரோன் ஏன் விழ வேண்டும் என்று அதிகாரி கேட்டபோது தண்ணீர் குடித்தான். பெட்டி அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தது. அதுவரை எழுத்தில் நின்றது ஒன்றுதான். ஒயரைப் பிடுங்கியது கணவர். அதை ஊரே பார்த்தது. அவர் எழுந்து நின்று, ஆமாம், நான்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தம்பியின் பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவளைக் கேட்டபோது, சங்குக்கு முன்னால் ஏற்றியதையும், கொடியைத் தாண்டியதையும், கீழே ஆட்கள் இருப்பதைத் திரையில் பார்த்த பிறகும் உள்ளே போனதையும் சொன்னாள். காலையிலேயே பெட்டியைப் பற்றித் தெரிந்தும் வெடிக்காரரிடம் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெடிக்காரர் அவளை முறைத்தார். காலையிலேயே சொல்லியிருந்தால் அவனை உள்ளேயே விட்டிருக்க மாட்டேன் என்றார்.

வெளியே வராந்தாவில் கொழுந்தன் காத்திருந்தான்.

"உங்களை நீங்களே மாட்டிவிட்டுக்கிறது உங்க இஷ்டம். என்னையும் சேர்த்து ஏன் இழுத்தீங்க?"

"நீ அங்கதான இருந்த" என்றாள் அவள்.

அவளும் கொழுந்தனும் ட்ரோன் பறக்கவிட வைத்திருந்த அனுமதி போனது. அவளுக்கு ஒரு வருடத்துக்கு, அவனுக்கு விசாரணை முடிகிற வரைக்கும். கணவர்மேல் போலீஸில் தனியாக வழக்குப் பதிவானது. பெரியவரின் மணிக்கட்டில் நரம்பு அறுந்து, கட்டைவிரல் மடங்காமல் போயிற்று. அவரைப் பார்க்க அவளும் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டு வாசலிலேயே அவர் மகள் வழிமறித்தாள். என்ன வேண்டும் என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தோம் என்றார் கணவர். அப்பா தூங்குகிறார், தூங்காவிட்டாலும் உங்களைப் பார்க்க மாட்டார், பழத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். உள்ளே பெரியவர் விழித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். அவள் சமையலறையில் இருந்தாள். வாசலில் அண்ணனும் தம்பியும் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அண்ணி சொன்னதில் பெட்டி பற்றிய பகுதியை மட்டும் திருப்பி வாங்கச் சொல் என்று கேட்டான். ஒரே வயிற்றில் பிறந்தவன் சாப்பாட்டில் மண்ணைப் போடலாமா என்றான். அம்மா அழுகிறாள் என்றான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, வழக்கம் போல அவர் அவனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகும் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"அவ சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்றார் கணவர். "வழக்குல என்னைக் கேக்கும்போது நானும் பெட்டியைப் பத்திச் சொல்லப்போறேன். வாசல்லயே நின்னு பேசினது போதும். கிளம்பு."

வெளியே கேட் இழுத்துச் சாத்தப்பட்டது. வேன் கிளம்பிப் போகும் வரை அவர் உள்ளே வரவில்லை. வந்த பிறகு கையைக் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள்.